ஊரில் பல்லுக்குக் கிளிப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு

சுவெட்டர், குடை, அட்டைக்குப் பூசச் சவர்க்காரம் இதெல்லாம் உங்களுக்கே தெரியும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு இலங்கை மலையகத்துக்குப் போகிறவர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. வாசலில் சப்பாத்தைக் கழற்றி முடிப்பதற்குள் யாராவது ஒருவர் பிள்ளையின் தாடையைப் பிடித்து, "எங்க, ஈ காட்டு" என்பார். அப்புறம் விடுமுறை முழுவதும் பல் பேச்சுத்தான்.

"இங்கேயே கிளிப்பப் போட்டுக்கிட்டுப் போயேன், அங்க பவுண் கணக்குல கேப்பானாமே" என்ற யோசனை பக்கத்து லயத்து வரிசை வீட்டிலிருந்துகூட வரும். தலையாட்டாதீர்கள். பல்லில் ஒட்டுகிற கிளிப் பெரும்பாலும் ஒன்றரை வருடத்திலிருந்து இரண்டு வருடம் வரை வாயில் இருக்க வேண்டியது. 4 முதல் 8 வாரத்துக்கு ஒரு தடவை போய்க் கம்பியைச் சரிபார்க்க வேண்டும், மாற்ற வேண்டும். ஒரு விடுமுறைக்குள் ஆரம்பிக்கலாம், முடிக்க முடியாது. பாதியில் கூட்டிக்கொண்டு வந்தால், இன்னொருவர் ஒட்டியதற்குப் பொறுப்பெடுக்க வெளிநாட்டில் உள்ள வைத்தியர்கள் லேசில் சம்மதிப்பதில்லை. பிரித்தானியாவில் இருப்பவர்கள் இதையும் நினைவில் வையுங்கள்: 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தேவை இருக்கிறதென்று கண்டால் அரசாங்க மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் இலவசம். தேவையை 5 படியாக அளக்கிறார்கள். 4, 5 என்றால் சரி. 3 என்றால் பார்வைக்கு எவ்வளவு மோசம் என்றும் பார்ப்பார்கள். வரிசை நீளம்தான். அதற்காக ஊரில் போய் அவசரப்பட வேண்டியதில்லை.

காட்டிவிட்டு வருவதில் தப்பில்லை. அமெரிக்கப் பற்சீரமைப்பு நிபுணர் சங்கம் 7 வயதுக்குள் ஒரு தடவை காட்டிவிடச் சொல்கிறது. அந்த வயதில் பால்பல்லும் நிரந்தரப் பல்லும் கலந்து நிற்கும். தாடை எந்தப் பக்கம் வளர்கிறது என்று தெரிந்தவர் கண்ணுக்குப் புலப்படும். கீழ்ப்பல் மேல்பல்லுக்கு வெளியே கடித்தால், விரல் சூப்பும் பழக்கம் இன்னும் விடாமல் இருந்தால், ஒரு பக்கம் விழுந்த பால்பல் மறுபக்கம் மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால் தாமதிக்க வேண்டாம். மற்றப் பிள்ளைகளில் பெரும்பாலோரை "வளர்ந்து வா" என்று அனுப்பிவிடுவார்கள். என் மகளுக்கு 9 வயது. வைத்தியர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார், எண்ணினார், "கோரைப்பல் வரட்டும், உங்கட நாட்டிலேயே காட்டுங்க" என்றார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அவளோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அண்ணன் மகளுக்கு 12. மேல்வரிசையில் கோரைப்பல் இரண்டும் இடமில்லாமல் ஈறின் உயரத்தில் முளைத்து நிற்கின்றன. அம்மாவைக் கேட்டால் தெத்துப்பல் முகத்துக்கு லட்சணம். அண்ணியைக் கேட்டால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் சொல்லப்போகிற குறை. பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், அதுதான் எனக்குத் தெரிந்தது. லட்சணம் என்று சொன்ன அம்மாவே அன்று ராத்திரி, "ஒம் மகளக் கூட்டிட்டுப் போறப்ப இவளையும் கூட்டிட்டுப் போ. ரெண்டுக்கும் சேத்துப் போட்டுட்டுப் போ" என்றார். அண்ணன் பதினைந்து வயதில் கொழும்பில் கடை வேலைக்குப் போனதால்தான் நான் படித்தேன் என்பதை எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை.

சரி, போவதென்றால் எப்படிப் போவது? தனியாரிடம் போக 'சனல்' பண்ணி, அதாவது முன்பதிவு செய்து, நம்பர் எடுக்க வேண்டும். சின்ன டவுன்களுக்கு நிபுணர்கள் கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ குறிப்பிட்ட நாளில் வந்து போவார்கள். அது பௌர்ணமி விடுமுறையான போயா நாளோடு மோதுகிறதா என்று நாட்காட்டியைப் பாருங்கள். பல் வைத்தியர் எல்லோரும் பற்சீரமைப்பு நிபுணர் ஆகிவிட மாட்டார். இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா, அதற்கு மேல் பற்சீரமைப்பில் பட்டப்பின் படிப்பு முடித்தவரா என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிறவரிடம் பிள்ளையைக் கொடுக்க வேண்டாம். நம்பர் கொடுக்கும்போது சொல்லும் நேரத்தை நம்பி வேனை வாசலில் நிறுத்தி வைக்கவும் வேண்டாம். எங்கள் வைத்தியர் வந்தபோது மூடுபனி இறங்கி எதிர்க்கடைப் பெயர்ப்பலகை மறைந்திருந்தது. வேன்காரர் காத்திருப்புக்கும் காசு கேட்டார், நியாயம்தான். சிங்களத்தில் மட்டும் இருந்த படிவத்தை அண்ணன் மகளே நிரப்பினாள். நான் பக்கத்தில் பாஸ்போர்ட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

முதல் நாளிலேயே அளவு எடுக்கலாம். ஒரு தட்டில் குழைத்த பசையை நிரப்பி மேல்தாடையில் அழுத்திப் பிடிப்பார்கள், அது இறுகும் வரை குமட்டும். மூக்கால் மூச்சு விடச் சொல்லுங்கள், தலையை முன்னால் குனியச் சொல்லுங்கள். போவதற்கு முன் வயிறு நிறையச் சோறு போடாதீர்கள். எங்கள் வீட்டில் "டாக்டர்கிட்ட போற புள்ள" என்று பருப்பும் நெத்தலிப் பொரியலும் வைத்து ஊட்டியே அனுப்பினார்கள்.

இடம் செய்ய மேலே இரண்டு முன்கடைவாய்ப் பற்களை எடுக்க வேண்டிவரலாம் என்றார் வைத்தியர். இது வழமையான சிகிச்சை. ஆனால் வீட்டுப் பெரியவர்களிடம் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். பிள்ளை போய்ச் சொன்னால், "நல்ல பல்லப் புடுங்கவா காசு கட்டுற?" என்று தொடங்கும் பஞ்சாயத்து, கோயில் ஐயாவின் அபிப்பிராயம் வரை போகும்.

அப்புறம் ஓபிஜி. தாடை முழுவதும் ஒரே படத்தில் விழுகிற எக்ஸ்ரே இது. எங்கள் டவுனில் அந்தக் கருவி இல்லை. துண்டு எழுதித் தந்து கண்டிக்குப் போகச் சொன்னார்கள். ஆடி மாதம், கண்டியில் பெரஹரா ஊர்வலத் திருவிழா. பின்னேரமானால் வீதிகளை மூடிவிடுவார்கள் என்பதை ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் மறக்கக் கூடாது. விடியற்காலை பஸ் பிடித்து, கினிகத்தேனை வளைவுகளில் என் மகள் இரண்டு பையில் வாந்தி எடுத்து, ஒருவழியாக நம்பரும் வந்து உள்ளே போனோம். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, முன்பல்லால் ஒரு குச்சியைக் கடித்தபடி அசையாமல் நிற்க வேண்டும். கருவி தலையைச் சுற்றி வரும், கால் நிமிஷ வேலை. ஆனால் தலையிலும் கழுத்திலும் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. தோடு இருந்தால் அதன் நிழல் பல்லின் மேலேயே வந்து விழும்.

அண்ணன் மகளின் தோடு காது குத்தியபோது போட்டது. திருகாணியை அதற்குப் பிறகு யாரும் தொட்டதில்லை. சவர்க்காரமும் எண்ணெயும் மரையில் ஏறி இறுகிக் கிடந்தது. எக்ஸ்ரே எடுக்கிற தம்பி கையுறையைக் கழற்றி முயன்றார். நான் முயன்றேன். பிள்ளையின் காது சிவந்தது, கண் கலங்கியது. "அடுத்த நம்பர்" என்று கூப்பிட்டார்கள். வெளியே வாங்கில் பிள்ளையை உட்காரவைத்துவிட்டுத் தேங்காயெண்ணெய் வாங்கிவரக் கடை தேடும்போது அம்மாவின் போன்: "இன்னிக்கு வெள்ளிக்கெழம. பொம்பளப் புள்ள காத வெறுங்காதா விடக்கூடாது, சொல்லிப்புட்டேன்." கடைசியில் அண்ணி பிள்ளையின் காதோரம் குனிந்து, தன் பல்லாலேயே திருகாணியைக் கடித்துத் திருப்பினார். ஒன்று கழன்றது. மற்றது கழன்றபோது பெரஹராவுக்காக நேரத்தோடு மூடிவிட்டார்கள். காவலாளியிடம் ஆங்கிலத்தில் கத்தினேன். அவர் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கேற்றைச் சாத்தினார்.

ஆகவே, முதல் நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு ஊறவைத்துத் தோட்டைக் கழற்றிவிடுங்கள். துளையில் ஈர்க்குச்சியைச் செருகி விட்டால் பாட்டிமாருக்கு வெறுங்காதும் இல்லை, எக்ஸ்ரேக்கு உலோகமும் இல்லை. கொண்டை ஊசி, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அரைஞாண் தாயத்துக்குப் பயப்பட வேண்டாம், கழுத்துக்குக் கீழே இருப்பதால் படம் கெடாது.

இன்னொரு நாள் போனோம். அந்த இன்னொரு நாளைத்தான் வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு அது ஒரு பஸ் பயணம். கொழுந்து பறிக்கிற அண்ணிக்கு அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது அந்த நாள் சம்பளம் இல்லை. 2024 இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். கிளிப் போட்ட பிறகு இரண்டு வருடத்துக்கு மாதம் ஒரு பேர் போகும், இரண்டு பேருக்குப் போகவர பஸ், மத்தியானச் சாப்பாடு, பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளிக்கூடமும் இல்லை. ஒட்டியது கழன்றால் இடையில் இன்னொரு நடை. வறுத்த கடலை, முறுக்கு, கரும்பு எல்லாம் ஒட்டியதைப் பெயர்க்கும், ரயிலில் கடலைக்காரர் வராத நாளும் கிடையாது. "நான் போட்டுவிடுகிறேன்" என்று சபையில் சொல்வதற்கு முன் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். வைத்தியரின் கட்டணம் அதில் ஒரு வரிதான்.

கையில் அவ்வளவு இல்லையென்றால் அரசாங்கப் பக்கம் பாருங்கள். பேராதனையில் பல் மருத்துவ பீடத்தோடு சேர்ந்த போதனா வைத்தியசாலை இருக்கிறது; அட்டன் பக்கமிருந்து கம்பளை வழியாக வருகிறவர்கள் கண்டி வரை போகாமல் பேராதனையிலேயே இறங்கிவிடலாம். காத்திருக்க நேரும், அதனால் 12 வயதில் யோசிக்கத் தொடங்காமல் முன்கூட்டியே பெயரைப் பதிவது நல்லது. சொத்தைக்கும் பால்பல் பிடுங்கவும் பள்ளிக்கூடப் பல் கிளினிக் போதும். சொத்தை இருக்கிற வாயில் யாரும் கிளிப் ஒட்ட மாட்டார்கள், அதை முதலில் முடியுங்கள்.

தனியாரிடம்தான் என்றால் காசை மொத்தமாக வீட்டில் கொடுத்துவிட்டு வராதீர்கள். அண்ணன் தின்றுவிடுவார் என்பதற்காகச் சொல்லவில்லை. கூரைத்தகரம் பறந்தால், அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தால் முதலில் கரைவது அந்தக் காசுதான், யாரையும் குறை சொல்லவும் முடியாது. கிளினிக்கோடு பேசித் தவணையை நீங்களே அனுப்புங்கள், ஒவ்வொரு தடவையும் பற்றுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பஸ் காசையும் பேர்க் காசையும் தனியாக அண்ணியின் பேரில் போடுங்கள். கிளிப்பைக் கழற்றிய பிறகு பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க ரிட்டெய்னர் போட வேண்டும், ராத்திரியில் வருடக்கணக்கில். அது சொன்ன விலைக்குள் அடங்குமா, தொலைந்தால் புதிதுக்கு எவ்வளவு என்று முதல் நாளிலேயே நீங்கள் கேட்டு எழுதி வாங்குங்கள். அண்ணி கேட்க மாட்டார்.