கூட்டலா, பெருக்கலா? வீட்டுக் கணக்குலயே எண் தொடர் கத்துக்கலாம் வாங்க

தென்னாப்பிரிக்கா டர்பன்ல மேட்ரிக், அதாவது கிரேட் 12 கடைசிப் பரீட்சை, எழுதப் போற பிள்ளைங்களுக்கும், ராத்திரி அவங்க பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்குற அப்பா அம்மாவுக்கும் சேர்த்துதான் இதை எழுதுறேன். கணக்கு பேப்பர் 1 மொத்தம் 150 மார்க், அதுல கிட்டத்தட்ட 25 மார்க் இந்த எண் தொடர் பாடத்துல இருந்து வருது. ஃபார்முலா எல்லாம் கேள்வித்தாளோடயே ஒரு ஷீட்ல அச்சடிச்சு குடுத்துடுறாங்க, அதனால மனப்பாடம் பண்ண வேண்டியது ரொம்பக் கம்மி. பிள்ளைங்க திணறுறது கதைக் கணக்குலதான், இது கூட்டுத் தொடரா பெருக்குத் தொடரான்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாம எந்த ஃபார்முலா கண்ணுல படுதோ அதைப் போட்டுடுறாங்க.

முதல் வேலை, கேள்வியைப் படிச்சதும் ஃபார்முலா பக்கம் போகாம முதல் மூணு எண்ணை பேப்பர்ல எழுதுங்க. ரெண்டு எண் பத்தாது. 2, 4 ன்னு மட்டும் இருந்தா அடுத்தது 6 ஆவும் இருக்கலாம் 8 ஆவும் இருக்கலாம், மூணாவது வந்தாதான் தெரியும்.

அடுத்து, பக்கத்துப் பக்கத்து எண்ணைக் கழிச்சுப் பாருங்க. ஒரே விடை வந்தா கூட்டுத் தொடர், அந்த விடைதான் பொது வித்தியாசம். வரலைன்னா பின்னாடி இருக்குற எண்ணை முன்னாடி இருக்குறதால வகுத்துப் பாருங்க, அது ஒரே மாதிரி வந்தா பெருக்குத் தொடர், அது பொது விகிதம். ரெண்டுலயும் மாட்டலைன்னா வித்தியாசத்தோட வித்தியாசத்தைப் பாருங்க, அது கிரேட் 11ல படிச்ச இருபடித் தொடரா இருக்கலாம், அதை இன்னொரு நாள் பாப்போம்.

இப்ப ஒரு கணக்கு. மேட்ரிக் டான்ஸ் டிரெஸ்ஸுக்கு ஒரு பொண்ணு காசு சேர்க்குறா, முதல் வாரம் 40 ராண்ட், அப்புறம் வாரா வாரம் முந்தின வாரத்தை விட 15 ராண்ட் கூட. 40, 55, 70. வித்தியாசம் 15, கூட்டுத் தொடர். 12ஆவது வாரம் எவ்வளவு போடுவா? இங்கதான் நிறைய பேரு 12 தடவை 15ஐக் கூட்டிடுறாங்க. முதல் வாரம் எதையும் கூட்டலையே, அது வெறும் 40 தானே! ரெண்டாவது வாரத்துக்கு ஒரு தடவை, மூணாவதுக்கு ரெண்டு தடவை, அப்படிப் போனா 12ஆவதுக்கு 11 தடவை. 40 + 11 × 15 = 205 ராண்ட். ஷீட்ல இருக்குற ஃபார்முலால, எத்தனையாவதுங்கிற எண்ணுலேருந்து ஒண்ணைக் கழிச்சு ஏன் போட்டிருக்குன்னா இதுக்குத்தான்.

12 வாரத்துல மொத்தம் எவ்வளவு சேரும்? முதலும் கடைசியும் கூட்டினா 40 + 205 = 245. ரெண்டாவதும் கடைசிக்கு முந்தினதும் 55 + 190, அதுவும் 245. இப்படி 6 ஜோடி, 6 × 245 = 1470 ராண்ட். இதைப் பிள்ளையை கையால ஜோடி போட்டு எழுதச் சொல்லுங்க, ஒரு தடவை எழுதிட்டா கூட்டுத்தொகை ஃபார்முலா எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கவே மாட்டாங்க.

பெருக்குத் தொடருக்கு வாட்ஸ்அப் போதும். கோயில்ல கூழ் ஊத்துற தேதியை ஒருத்தர் 3 பேருக்கு அனுப்புறார், அந்த 3 பேரும் ஆளுக்கு 3 புது ஆளுக்கு அனுப்புறாங்க. 1, 3, 9, 27, 81, 243. விகிதம் 3. ஆறாவது எண் 243, அதாவது 3ஐ அஞ்சு தடவை பெருக்கினது, இங்கயும் ஒண்ணு கம்மிதான். ஆனா கேள்வி "மொத்தம் எத்தனை பேருக்குத் தெரியும்"னு கேட்டா 243 தப்பு, எல்லாத்தையும் கூட்டணும், 364. கடைசி எண்ணைக் கேக்குறாங்களா மொத்தத்தைக் கேக்குறாங்களான்னு அடிக்கோடு போட்டுக்கிட்டு ஆரம்பிங்க.

இப்ப ரொம்ப முக்கியமான இடம். சதவீதம்னு பாத்தவுடனே பெருக்குத் தொடர்னு முடிவு பண்ணாதீங்க. 2,00,000 ராண்டுக்கு வாங்கின பக்கி (பின்னாடி சாமான் ஏத்துற பிக்கப் வண்டி), வருஷத்துக்கு 20 சதவீதம் விலை குறையுது. எதுல 20 சதவீதம்? வாங்கின விலைலன்னா வருஷா வருஷம் 40,000 குறையும்: 2,00,000, 1,60,000, 1,20,000, 80,000. இது கூட்டுத் தொடர், வித்தியாசம் கழித்தல் 40,000. அந்தந்த வருஷம் இருக்குற மதிப்புலன்னா ஒவ்வொரு தடவையும் 0.8ஆல பெருக்கணும்: 2,00,000, 1,60,000, 1,28,000, 1,02,400. இது பெருக்குத் தொடர். முதல் வருஷம் ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, மூணு வருஷம் கழிச்சுப் பாத்தா 22,400 ராண்ட் வித்தியாசம்! அதனால கேள்வில "எதுல"ங்கிற வார்த்தையைத் தேடுங்க.

இன்னொண்ணு கவனிச்சீங்களா, "மூணு வருஷம் கழிச்சு"ன்னா அது தொடர்ல நாலாவது எண், ஏன்னா வாங்கின அன்னிக்கு விலைதான் முதல் எண். "மூணாவது எண்"ணும் "மூணு வருஷம் கழிச்சு"ங்கிறதும் வேற வேற.

நீங்களே ரெண்டு போட்டுப் பாருங்க. மீட்டர் டாக்ஸி ஏறினதும் 30 ராண்ட், அப்புறம் கிலோமீட்டருக்கு 14, 9 கிலோமீட்டருக்கு எவ்வளவு? ஒரு கிலோமீட்டருக்கு 44, அதுதான் முதல் எண், அதோட 8 தடவை 14, மொத்தம் 156. இன்னொண்ணு, வீட்டு வாடகை மாசம் 6000, வருஷா வருஷம் அப்போதைய வாடகைல 8 சதவீதம் ஏறுது, நாலாவது வருஷம் மாச வாடகை என்ன? 1.08ஆல மூணு தடவை பெருக்குங்க, 7558 ராண்ட் 27 சென்ட் வரணும். 7440 வந்துச்சுன்னா முதல் வாடகைலயே 8 சதவீதம் எடுத்து 480, 480ஆ கூட்டிட்டீங்க, கேள்வியைத் திரும்பப் படிங்க.