யுகாதா பருத்தித் துணியில் அஸுமாபுகுரோ பை தைப்பது எப்படி?

ஜப்பானில் கோடைக்கால கிமோனோவான யுகாதாவுக்கு விற்கும் துணிச்சுருள் ஏறக்குறைய 37 செ.மீ. அகலம், 12 மீட்டர் நீளம். முதல் முயற்சியிலேயே அதில் யுகாதா வெட்ட வேண்டாம். இரண்டே தையலில் முடியும் அஸுமாபுகுரோ என்னும் முடிச்சுப் பையில் கை பழகட்டும்.

வாங்கும்போது துணியைத் திருப்பிப் பாருங்கள். சூசென் என்னும் சாயமேற்றும் முறையில், அச்சுத்தாள் வைத்துப் பசை தடவி மடித்து அடுக்கிய துணிமேல் சாயத்தை ஊற்றி, கீழிருந்து உறிஞ்சி இழுப்பார்கள். சாயம் நூலின் ஊடே இறங்குவதால் இருபுறமும் ஒரே நிறம். பின்புறம் வெளிறியிருந்தால் அது மேலே மட்டும் அச்சடித்தது. உள்துணி இல்லாத இந்தப் பைக்குச் சூசென்தான் பொருத்தம், விலை கூடுதல்தான்.

வெட்டுவதற்கு முன் நனைப்பது கட்டாயம். தைத்த பிறகு துணி சுருங்கினால் தையலோரம் இழுத்துக்கொள்ளும். முதலில் ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் தனியாக நனையுங்கள். துணியை விசிறி மடிப்பாக மடித்துக் குளிர்ந்த நீரில் சில மணி நேரம் ஊறவிடுங்கள். வெந்நீர் வேண்டாம், சாயம் இறங்கும். முறுக்கிப் பிழியாமல் உள்ளங்கையால் அழுத்தி நீரை வடித்து, நிழலில் உலர்த்துங்கள். லேசான ஈரம் இருக்கும்போதே நீளவாக்கில் இஸ்திரி போடுங்கள். கரை சற்று இழுத்து அலையாக நிற்கும், அதையும் நீவிவிடுங்கள்.

அளவு: தைத்த பின் நீளம் அகலத்தைப்போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். நனைத்த பின் அகலம் 37 என்றால் 111 செ.மீ.; இரு முனை மடிப்புக்கும் 4 சேர்த்து 115 வெட்டுங்கள். அகலத்தை வெட்டவே கூடாது. கரை இருந்தால் நூல் பிரியாது, ஓவர்லாக் தேவையில்லை.

1. வெட்டிய இரு முனைகளையும் 1 செ.மீ., மறுபடி 1 செ.மீ. மடித்துத் தையுங்கள். 11ஆம் எண் ஊசி, பருத்தி நூல், தையல் நீளம் 2.5 மி.மீ.

2. மடிப்பு தெரியாத பக்கம் மேலே வருமாறு கிடைமட்டமாக விரித்து, 37, 74 செ.மீ.யில் சாக்கால் குறியுங்கள்.

3. இடது பகுதியை நடுப்பகுதிமேல் மடித்து, கீழோரத்தை மட்டும் 1 செ.மீ. உள்ளே தள்ளித் தையுங்கள்.

4. அந்த இடது பகுதியின் மேலோரத்தைக் கீழே இழுத்துக் குண்டூசி குத்துங்கள். இப்போது வலது பகுதியை அதன்மேல் மடித்து, நடுப்பகுதியோடு மேலோரத்தைத் தையுங்கள்.

பெரும்பாலோர் தவறுவது நான்காம் படியில்தான். மூன்று அடுக்கும் சேர்ந்து தைபட்டால் வாய் அடைத்துவிடும். இரண்டு தையலும் ஒரே ஓரத்தில் விழுந்தால் பையே உருவாகாது. ஒன்று கீழே, ஒன்று மேலே.

தையலின் தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று நான்கு தையல் பின்னோக்கி ஓட்டுங்கள். பாரம் வாய்ப்பக்க முனையில்தான் இழுக்கும், முதலில் பிரிவதும் அங்கேதான். குண்டூசியை எடுத்துப் பையைத் திருப்பினால் இரண்டு கூர்முனைகள் மேலே நிற்கும். அவற்றை முடிந்தால் கைப்பிடி. துணி சாய்வாக அமைவதால் கோடு போட்ட துணியில் கோடுகளும் சாய்வாக ஓடும். நேராக நிற்க வேண்டிய பெரிய பூவோ எழுத்தோ உள்ள துணியை இதற்கு எடுக்காதீர்கள்.