வெனீருக்கு அடியில் எட்டிப்பார்த்த சாம்பல் நிறம்

வேர் சிகிச்சை செய்த என் முன்பல் சாம்பல் நிறமாகிவிட்டது. அதை மறைக்க வெனீர், அதாவது பல்லின் முன்புறம் ஒட்டும் மெல்லிய உறை. முதலில் பல் நிறப் பிசினான காம்போசிட்டில். ஒரே அமர்வில் முடிந்தது, செலவும் குறைவு. ஆனால் பகல் வெளிச்சத்தில் அடிநிறம் தெரிந்தது. கனமாகப் பூசியதும் பல் துருத்தி நின்றது. அடுத்தது பீங்கான். அரை மில்லிமீட்டர் பீங்கான் ஒளியை ஊடுருவ விடும். சோதனைப் பசையில் வைத்துப் பார்த்தபோதே அதே சாம்பல். ஜிர்கோனியா என்ற ஒளி புகாத பீங்கானில் செய்த மாதிரி உறை நிறத்தை மறைத்தது, ஆனால் மற்ற பற்களுக்கு நடுவே சுண்ணாம்புக் கட்டிபோல் இருந்தது.

வேறொரு மருத்துவர் வெனீர் பேச்சையே எடுக்காமல் பல்லின் பின்புறத்தைத் திறந்து, உள்ளே சோடியம் பெர்போரேட் என்ற வெளுப்பு மருந்தை வைத்து மூடினார். பல் வெளுத்தது. உடனே எதையும் ஒட்டவில்லை. வெளுப்பு மருந்திலிருந்து பல்லில் தங்கும் ஆக்சிஜன் பசையின் பிடிப்பைக் கெடுக்கும் என்பதால் 2 வாரம் இடைவெளி. பிறகுதான் லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கானில் வெனீர்.

பலரும் கவனிக்காதது இதுதான்: வெனீரின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க உதவும் நிற அட்டையை, நான் வாயைத் திறந்தவுடனேயே அந்த மருத்துவர் பிடித்துப் பார்த்துவிட்டார். பல் உலர்ந்தால் தற்காலிகமாக வெளுக்கும். அப்போது தேர்ந்தெடுக்கும் நிறம் எச்சில் பட்டதும் பொருந்தாது. ஒட்டும் பசையின் நிறத்தையும் சோதித்தே முடிவு செய்தார். இப்போது நிம்மதி, வெயிலிலும் சாம்பல் தெரிவதில்லை.