க்ரூஸ் போறீங்களா, சுகர் இருக்கா? சாப்பாட்டை இப்படி சமாளிங்க

க்ரூஸ் புக் பண்ணினதும் சுகர் இருக்கறவங்க முதல்ல தேடுறது கப்பல்ல சுகர்ஃப்ரீ ஐட்டம் கிடைக்குமான்னுதான். கிடைக்கும், பெரிய கப்பல்கள்ல பெரும்பாலும் ராத்திரி மெனுவுல ஒண்ணாவது இருக்கும், பஃபேல டெசர்ட் பக்கம் சின்னதா ஒரு போர்டு வச்சு தனியா அடுக்கியிருப்பாங்க, காபிக்கு ஸ்வீட்னர் பாக்கெட்டும் இருக்கும். ஆனா அந்த போர்டை நம்பி தட்டு நிறைய எடுத்தீங்கன்னா சுகர் ஏறத்தான் செய்யும். சர்க்கரை போடலைன்னுதான் அதுக்கு அர்த்தம், கேக்குல மைதா அப்படியேதான் இருக்கு, புட்டிங்ல பால், ஸ்டார்ச் எல்லாம் இருக்கு, கடைசியில ரத்தத்துல சேர்றது எல்லாமே குளுக்கோஸ்தான். இதுபோக இனிப்புக்கு மால்டிட்டால் மாதிரி ஏதாவது போட்டிருந்தா அதுவும் சர்க்கரை அளவுக்கு இல்லேன்னாலும் கொஞ்சம் ஏத்தும், நிறைய சாப்பிட்டா வயித்தையும் கலக்கிடும், கடல் நடுவுல அது தேவையா. என்னைக் கேட்டா அந்த சப்புனு இருக்கற சுகர்ஃப்ரீ சீஸ்கேக் ஒரு முழு துண்டை விட, நிஜ டெசர்ட்ல ரெண்டு ஸ்பூன் ரசிச்சு சாப்பிட்டுட்டு அந்த வேளை ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் விட்டுடறது எவ்வளவோ மேல்.

அதனால சுகர்ஃப்ரீ எங்கன்னு தேடறத விட்டுட்டு, கார்ப் (மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்தது) எவ்வளவு, எத்தனை மணிக்கு சாப்பிடப் போறோம், இந்த ரெண்டை மட்டும் பிடிச்சுக்கோங்க.

புக் பண்ணும்போதே ஸ்பெஷல் டயட் ரிக்வெஸ்ட்ல டயபடிக்னு பதிவு பண்ணிடுங்க. ஒவ்வொரு கம்பெனிக்கும் கெடு வேற வேற, சிலர் ஒரு மாசத்துக்கு மேலயே முன்னாடி கேப்பாங்க. பதிவு பண்ணிட்டோம்னு சும்மா இருக்காதீங்க, கப்பல் ஏறின அன்னிக்கே மெயின் டைனிங் ரூம்ல ஹெட் வெயிட்டரைப் பிடிச்சு நேர்ல சொல்லணும், அவங்கதான் உங்க சாப்பாட்டுக்கு நிஜமான ஆள். "நாளைக்கு டின்னர் மெனு இன்னிக்கே காட்டுங்க, முன்கூட்டியே சொல்லிடறேன்"னு கேளுங்க, பல கப்பல்ல இது வழக்கமா நடக்கற விஷயம்தான். சாஸ் தனியா கிண்ணத்துல வேணும், உருளைக்கிழங்குக்கு பதிலா காய் வைங்க, மெயின் கோர்ஸ் வேண்டாம், ரெண்டு ஸ்டார்ட்டர் கொடுங்க, இதெல்லாம் கூச்சப்படாம கேக்கலாம், மெயின் டைனிங்ல இதுக்குன்னு தனியா காசு வாங்க மாட்டாங்க.

இனி கண்ணுக்குத் தெரியாத சர்க்கரை. க்ரூஸ் மெனுவுல ஸ்டார்ட்டர் வரிசையில சில்டு சூப்னு ஒண்ணு வரும், ஸ்ட்ராபெரி, மேங்கோ, பீச்னு தினம் ஒரு பழம். சூப்தானேன்னு வாங்கிடாதீங்க, குடிச்சுப் பாத்தா உருகின ஐஸ்க்ரீம் மாதிரி இருக்கும், க்ரீம், பழம், சர்க்கரை இதுதான் அது. காலையில பஃபேல மெஷின்ல வர்ற ஜூஸ், பழம் போட்ட யோகர்ட், ஊற வச்ச மியூஸ்லி, இதெல்லாம் ஹெல்தி மூஞ்சியை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். சாலட் டிரஸ்ஸிங், பார்பிக்யூ சாஸ், கெட்சப்பும் அப்படித்தான். ஆம்லெட் போடற கவுன்டர்ல நின்னு காய் நிறைய போட்டு வாங்கிட்டீங்கன்னா காலை வேளை கவலை முடிஞ்சுது.

பஃபேல முதல்ல தட்டு எடுக்காம ஒரு ரவுண்டு சும்மா நடந்து பாருங்க. அப்புறம் தட்டுல பாதி காய், கால்வாசி மீனோ கோழியோ முட்டையோ பருப்போ, மீதி கால்வாசிக்கு மட்டும் சோறு, பாஸ்தா, ரொட்டி இதுல ஏதாவது ஒண்ணு. ஒண்ணுதான், மூணும் இல்ல. சாப்பிட்டு முடிச்சதும் டெக்ல ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் நடந்தா சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறறது நல்லாவே குறையும், நடக்கறதுக்குன்னே பல கப்பல்ல ட்ராக் இருக்கு.

இன்சுலின் போடறவங்க இதை கவனமா படிங்க. நேரம் குறிச்ச டின்னர்ல ரெண்டு சிட்டிங் (பந்தி மாதிரி) இருக்கும், அதுல ரெண்டாவது கொடுத்துட்டா ராத்திரி எட்டு எட்டரைக்குத்தான் உக்காருவீங்க, ஆர்டர் எடுத்து, ஸ்டார்ட்டர் வந்து, மெயின் கோர்ஸ் வர்றதுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். வீட்டுப் பழக்கத்துல கேபின்லயே ஊசி போட்டுட்டு வந்து உக்காந்தா சாலட் சாப்பிட்டுக்கிட்டே லோ ஆயிடும், அதாவது சுகர் ரொம்ப இறங்கிடும். வேகமா வேலை செய்யற இன்சுலின்னா கார்ப் இருக்கற தட்டு மேஜைக்கு வந்ததும் போடலாமான்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடற மிக்ஸ்டு இன்சுலின்னா முதல் சிட்டிங் கேட்டு வாங்கிடறதுதான் நிம்மதி.

லோ ஆனா வழக்கமான 15-15 கணக்குதான். மீட்டர்ல 70 mg/dLக்கு கீழ போச்சுன்னா 15 கிராம் சர்க்கரை உடனே உள்ள போகணும், அதாவது அரை கப் ஜூஸ், இல்லேன்னா சாதா கோலா, இல்லேன்னா மூணு நாலு குளுக்கோஸ் மாத்திரை, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட், இன்னும் கீழயே இருந்தா திரும்ப 15 கிராம். டயட் கோலா இதுக்கு எதுக்கும் உதவாது, பதட்டத்துல கூட இருக்கறவங்க அதைத்தான் ஓடிப்போய் எடுத்துட்டு வருவாங்க, அவங்களுக்கும் சொல்லி வைங்க. பழம் வெட்டின கையோட விரல்ல குத்தினா மீட்டர் பொய்யா ஏத்திக் காட்டும், கையைக் கழுவிட்டு டெஸ்ட் பண்ணுங்க.

ட்ரிங்க்ஸ் எடுக்கறவங்களுக்கு, குடையெல்லாம் சொருகி கொடுக்கற காக்டெயில்ல பாதிக்குப் பாதி சிரப்தான். டானிக் வாட்டர் கசக்குதேன்னு சர்க்கரை இல்லைன்னு நினைக்கறாங்க, கிட்டத்தட்ட சாதா சோடா பானம் அளவுக்கு அதுலயும் இருக்கு, டயட் டானிக் இல்லேன்னா வெறும் சோடா வாட்டர் கேளுங்க. ஆனா சர்க்கரை ஏறறதை விட பெரிய ஆபத்து, இன்சுலினோ கிளிமிப்ரைட் மாதிரி மாத்திரையோ எடுக்கறவங்க வெறும் வயித்துல குடிச்சா பல மணி நேரம் கழிச்சு, தூக்கத்துல கூட லோ ஆகலாம். சாப்பாட்டோடதான் குடிக்கணும், படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை செக் பண்ணணும்.

கடல் ஆடினா வாந்தி வரும், மாத்திரை போட்டாச்சு சாப்பாடு நிக்கலைங்கற நிலைமைக்கு என்ன செய்யணும்னு கிளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க. மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் இதெல்லாம் வாந்தியெடுத்து சாப்பிட முடியாத நாள்ல பொதுவா நிறுத்தி வைக்கச் சொல்வாங்க, ஆனா நீண்ட நேரம் வேலை செய்யற இன்சுலினை சாப்பிடலைன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. வாரம் ஒரு ஊசி செமாக்ளூடைட் போடறவங்களுக்கு அதுவே குமட்டும், கப்பல் ஆட்டமும் சேர்ந்தா கஷ்டம்தான். புக்கிங்லயே கீழ் டெக்ல, கப்பலோட நடுப்பக்கமா கேபின் எடுங்க, ஆட்டம் அங்கதான் கம்மி.

மருந்தெல்லாம் ஹேண்ட்பேக்லதான். கப்பல் ஏறும்போது கொடுக்கற பெரிய பெட்டி கேபினுக்கு வர சாயங்காலம்கூட ஆகும். நாள் கணக்கு பண்ணி அதுக்கு ரெண்டு மடங்கு எடுத்துக்கோங்க, கப்பல் மெடிக்கல் சென்டர்ல உங்க பிராண்டு இருக்கும்னு நினைக்காதீங்க, அங்க பில்லும் தாராளமா வரும், அதனால ட்ராவல் இன்ஷூரன்ஸ்ல சுகர் இருக்கறதை மறைக்காம போட்டுடுங்க. கேபின்ல இருக்கற மினிபார் பல கப்பல்ல வெறும் கூலர்தான், திறக்காத இன்சுலினுக்கு 2ல இருந்து 8 டிகிரி வேணும், மருந்துக்கு ஃப்ரிட்ஜ் வேணும்னு முன்னாடியே கேட்டு வைங்க. குத்தி முடிச்ச ஊசியைப் போடறதுக்கு டப்பா வேணும்னு கேபினைப் பாத்துக்கறவர்கிட்ட கேட்டா தருவாங்க, ஊசியைக் குப்பைக் கூடையில போட்டுடாதீங்க, சுத்தம் பண்றவர் கையில குத்தும்.

போர்ட்ல இறங்கும்போது குளுக்கோஸ் மாத்திரை பாக்கெட்லயே இருக்கணும், ஏன்னா பஃபேல இருந்து எடுத்த ஆப்பிளை பல நாட்டுல கரையிறக்க விட மாட்டாங்க, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல ஃபைன்கூட போடுவாங்க. வழக்கத்தை விட நிறைய நடப்பீங்க, அதனால லோ ஆக வாய்ப்பு அதிகம். வெறுங்காலோட சுடற டெக்லயும் மணல்லயும் நடக்காதீங்க, கால் மரத்துப் போனவங்களுக்கு கொப்புளம் வந்ததே தெரியாது, ராத்திரி ஒரு தடவை உள்ளங்காலைப் பாத்துட்டுப் படுங்க. ஹாட் டப்ல உக்காந்தா சூட்டுக்கு போட்ட இன்சுலின் ரத்தத்துல வேகமா சேர்ந்து லோ ஆகலாம், அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

கடைசி ராத்திரி பெட்டியை கேபின் வாசல்ல வைக்கச் சொல்வாங்க, காலையில கரையிலதான் கைக்கு வரும். அதுக்குள்ள மருந்துப் பை போயிடாம பாத்துக்கோங்க, ஃப்ரிட்ஜ்ல வச்ச இன்சுலினை எடுக்க போன்ல ஒரு அலாரம் போட்டுட்டு படுங்க.