ஆங்கிலத்தைத் திருத்தப் புறப்படும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலம் சீரழிந்துவருகிறது என்று அங்கலாய்ப்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் 1710-இல் 'மாப்' (mob, கும்பல்) போன்ற சுருக்கச் சொற்களைக் கண்டித்து எழுதினார். 1712-இல், மொழியைத் திருத்தி நிலைநிறுத்த அறிஞர் குழு ஒன்று வேண்டும் என்றே முன்மொழிந்தார். குழு அமையவில்லை, 'மாப்' நிலைத்துவிட்டது. புதிய வழக்கைக் கேட்டு முகம் சுளிப்பது அவரவர் உரிமை. ஆனால் அந்தச் சுளிப்பையே இலக்கண விதியாக்கி அடுத்தவரைத் திருத்த முனையும்போது, திருத்துபவரே தவறிழைக்கும் இடங்கள் பல உள்ளன.

அவற்றுள் முதன்மையானது, நாம் அண்மையில் கவனித்த ஒன்றை அண்மையில்தான் தோன்றியது என்று நம்பிவிடுவது. மொழியியலாளர் ஆர்னல்ட் ஸ்விக்கி 2005-இல் இந்த மயக்கத்துக்குத் தனிப்பெயரே சூட்டினார். 'சொல்லுக்குச் சொல் அப்படியே' என்று பொருள்படும் 'லிட்டரலி' என்ற சொல்லை வெறும் அழுத்தத்துக்காகப் பயன்படுத்துவதை இன்றைய இளைஞர்களின் குற்றமாகச் சொல்கிறோம். 1769-இல் வெளிவந்த ஃபிரான்சஸ் புரூக்கின் நாவலிலேயே அந்த வழக்கு உண்டு. ஒருவரைக் குறிக்க 'தே' (they, அவர்கள்) என்பதும் அப்படித்தான். 'எவ்ரிபடி' என்று தொடங்கி 'தேர்' என்று தொடரும் வாக்கியத்தில் ஒருமை பன்மையாகிவிட்டதே என்று பதறுகிறவர்கள், 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே அது எழுத்தில் இருப்பதை அறிவதில்லை. அவர்களே நாள்தோறும் ஒருவரைப் பார்த்து 'யூ ஆர்' என்கிறார்கள். 'யூ' ஒரு காலத்தில் பன்மை. ஒருவரை விளிக்க 'தௌ' இருந்தது. ஒருவரைப் பன்மையில் அழைப்பது முறையன்று என்று குவேக்கர் என்ற கிறித்தவ இயக்கத்தின் ஜார்ஜ் ஃபாக்ஸ் 1660-இல் நூலே வெளியிட்டு வாதாடியும் பயனில்லை. தமிழில் 'அவர்' மரியாதை ஒருமையாகி, பன்மைக்கு 'அவர்கள்' வந்து சேர்ந்த கதையை அறிந்த நமக்கு இதில் வியப்பு இருக்கக் கூடாது.

அடுத்தது, தனி ஒருவரின் ரசனையை இலக்கணம் என்று எடுத்துக்கொள்வது. குறைவைச் சொல்ல எண்ணக்கூடியவற்றுக்கு 'ஃபியூவர்', மற்றவற்றுக்கு 'லெஸ்' என்ற பிரிவினை, 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தமக்கு அதுவே நயமாகப் படுகிறது என்று எழுதியதிலிருந்து வளர்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் ஆல்ஃபிரட் மன்னர் காலத்து எழுத்திலேயே எண்ணக்கூடியவற்றுக்கு 'லெஸ்' இருக்கிறது. வாக்கியத்தை முன்னிடைச் சொல்லில் ('ஆஃப்', 'வித்' போன்றவை) முடிக்கக் கூடாது என்ற குறையை 1672-இல் கவிஞர் டிரைடன் எழுப்பியபோது அவர் கண்டித்தது ஷேக்ஸ்பியர் காலத்துப் பெரும் நாடகாசிரியர் பென் ஜான்சனை! அத்தகைய எழுத்தாளரே செய்ததைப் பிழை என்பதற்கு அசாத்தியத் துணிவு வேண்டும்.

இப்படிப்பட்ட கண்டிப்பு புதிய பிழைகளையும் பிறப்பிக்கிறது. எழுவாய் வரவேண்டிய இடத்தில் 'மீ' என்று சொல்லித் திட்டு வாங்கியவர், அந்தச் சொல்லையே தீண்டத் தயங்கி, 'பிட்வீன் யூ அண்ட் மீ' என்று இயல்பாக வரவேண்டிய இடத்திலும் 'ஐ' என்று எழுதிவிடுகிறார். 'ஹூ' என்பதே சரியாக இருக்கும் இடங்களில், படித்தவர் தோரணைக்காக 'ஹூம்' நுழைவதும் இதே அச்சத்தால்தான். எழுத்துப்பிழை, நடை, இலக்கணம் மூன்றையும் ஒன்றாகக் குழப்புவது இன்னொரு தவறு: 'யுவர்' எழுதவேண்டிய இடத்தில் 'யூ ஆர்' என்பதன் சுருக்கத்தை எழுதியவருக்கு இலக்கணம் தெரியாமலில்லை, எழுத்துக்கூட்டல்தான் தவறியது.

அப்படியானால் எதையுமே குறை சொல்லக் கூடாதா? பொருள் குழம்பும் இடங்களில் தாராளமாகச் சொல்லலாம். என் எரிச்சலை நான் அவற்றுக்கே ஒதுக்கிவைக்கிறேன். 'பைவீக்லி' என்று அறிவிக்கப்பட்ட கூட்டம் வாரம் இருமுறையா, இரு வாரங்களுக்கு ஒருமுறையா என்பதை அகராதியும் தீர்த்துவைக்காது, ஏனெனில் அங்கே இரண்டு பொருளும் உண்டு. அறிவிப்பு எழுதுபவர் அந்தச் சொல்லைத் தவிர்த்து, கூட்டம் நடக்கும் நாட்களையே குறிப்பிடுவது நல்லது. 'டிஸின்டரஸ்டட்' என்பதை நடுநிலை என்று ஒருவரும், ஆர்வமின்மை என்று இன்னொருவரும் படிக்கிறார்கள்; 17-ஆம் நூற்றாண்டிலேயே இரண்டாம் பொருள் வழக்கில் இருந்ததால், வரலாற்றைக் காட்டி யாரும் வெல்ல முடியாது. ஒப்பந்தத்திலோ பரிந்துரைக் கடிதத்திலோ நடுநிலையைக் குறிக்க 'இம்பார்ஷியல்' என்று எழுதிவிட்டால் அந்தச் சண்டைக்கே இடமில்லை.