ஸ்மித்னு பேரு சொன்னதும் அட்வான்ஸ் குடுத்துறாதீங்க

இங்கிலாந்துக்கு புதுசா வர்றவங்க பேங்க் அக்கவுண்ட், ஜிபி (குடும்ப டாக்டர்) பதிவு, என்ஐ நம்பர் (வேலைக்கு வேண்டிய நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர்) எல்லாம் முதல் மாசத்துலயே முடிச்சிருங்க, அதுல பெரிய சிக்கல் இல்ல. நான் சொல்ல வந்தது வீட்டு அட்வான்ஸ் பத்தி.

2021ல லண்டன் ஈஸ்ட் ஹாம்ல வீடு தேடினப்ப ஒருத்தர் சாவிக்கொத்தோட வந்து கதவைத் திறந்து ஹீட்டர் எல்லாம் போட்டுக் காட்டினாரு, பேரு ஸ்மித்னு சொன்னாரு. எனக்குத் தெரிஞ்ச ஸ்மித்லாம் பெரிய ஆளுங்க, பழைய இருபது பவுண்ட் பேப்பர் நோட்டுல இருந்த பொருளாதார மேதை ஆடம் ஸ்மித் (அந்த நோட்டு 2022 செப்டம்பர் 30க்கு அப்பறம் செல்லாது, யாராச்சும் நீட்டினா வாங்காதீங்க), ஹாரி பாட்டர்ல மெக்கானகல் டீச்சரா வந்த மேகி ஸ்மித், அவங்க பொறந்ததே நம்மாளுங்க நெறைய இருக்குற இல்ஃபோர்ட்லதான், அப்பறம் டிவி சமையல் டெலியா ஸ்மித். இவங்க யாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம் இல்ல. ஸ்மித்னா கொல்லர், ஊருக்கு ஊரு கொல்லன் பட்டறை இருந்துச்சு, அதனால சம்பந்தமே இல்லாத குடும்பங்களுக்கெல்லாம் அதே பேரு, இங்கிலாந்துலயே ரொம்ப அதிகமா இருக்குற சர்நேம் இதுதான். நம்மூர்ல எந்த ஊரு, யாரு மகன்னு கேட்டா டீக்கடைக்காரரே ஆளைச் சொல்லிருவாரு. இங்க ஜே. ஸ்மித்னு தேடினா எவன்னு புடிப்பீங்க? ஆஸ்பத்திரில பேரோட டேட் ஆஃப் பர்த்தும் சேர்த்துக் கேக்குறது இதுக்குத்தான்.

650 பவுண்ட் அனுப்புறப்ப பேங்க் ஆப்ல பேரு பொருந்தலைன்னு வார்னிங் வந்துச்சு. கேட்டா அது என் வொய்ஃப் அக்கவுண்ட்னான். அழுத்திட்டேன். அவனே அந்த வீட்டை ரெண்டு நாளைக்குத்தான் வாடகைக்கு எடுத்திருந்தான்னு அப்பறந்தான் தெரிஞ்சுது.

அந்த வார்னிங் வந்தா அங்கயே நிறுத்திருங்க. லேண்ட் ரெஜிஸ்ட்ரில (வீடு, நிலம் யாருதுன்னு பதிவு வெச்சிருக்குற அரசு ஆபீஸ்) 7 பவுண்ட் கட்டினா வீடு யாரு பேர்ல இருக்குன்னு வந்துரும், அந்தப் பேரையும் காசு வாங்குறவர் ஐடியையும் ஒத்துப் பாருங்க. அட்வான்ஸ் சாதாரணமா அஞ்சு வார வாடகைக்கு மேல கேக்கக்கூடாது, வாங்கின 30 நாளுக்குள்ள அட்வான்ஸைப் பாதுகாக்குற, அரசு அங்கீகரிச்ச டெபாசிட் ஸ்கீம்ல போட்டாகணும், இதெல்லாம் சட்டம். அப்படியும் ஏமாந்துட்டா அன்னிக்கே பேங்குக்குப் போன் பண்ணுங்க, 2024 அக்டோபர்ல இருந்து இந்த மாதிரி மோசடில பெரும்பாலும் பேங்க் காசைத் திருப்பித் தரணும்னு விதி இருக்கு. அப்ப எனக்கு அது இல்ல, அதோட வெக்கப்பட்டுட்டு ரெண்டு நாள் யார்கிட்டயும் சொல்லல, அதுக்குள்ள அந்த அக்கவுண்ட்ல ஒரு பைசா இல்ல.