ஸ்லாஷர் படத்தின் இரண்டாம் பாகத்தைப் பற்றி முறையாக விவாதிப்பது எப்படி: ‘ஹாலோவீன் 2’ஐ முன்வைத்து ஒரு வழிகாட்டி

ஸ்லாஷர் படங்களின் ரசிகர்கள் கூடுமிடத்தில், எந்த இரண்டாம் பாகம் தேறியது, எது தேறவில்லை என்ற பேச்சு எழாமல் போவதில்லை. முகமூடி அணிந்த ஒருவன் கத்தியோடு ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டே வரும் இவ்வகைப் படங்களில், அடுத்த பாகம் பெரும்பாலும் முதல் படத்தின் வசூலால் பிறக்கிறது. அதனால் அதன் தகுதி குறித்த ஐயம், திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கும் முன்பே பார்வையாளர் மனத்தில் குடியேறிவிடுகிறது. அந்த ஐயத்தையே தீர்ப்பாக எழுதிவிடாமலும், பழைய பாசத்தால் குறைகளை மூடி மறைக்காமலும் வாதிட ஒரு முறை வேண்டும். அதை 1981இல் வெளிவந்த ‘ஹாலோவீன் 2’ஐக் கொண்டு விளக்குகிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ரசிகர்களை இரு தரப்பாக நிறுத்தி வைத்திருக்கும் படம் அது. இரு தரப்பாருக்கும் படங்களுக்குள்ளேயே வலுவான சான்றுகள் கிடைக்கின்றன என்பதால்தான் அதைத் தேர்ந்துகொண்டேன். இரு படங்களின் முடிவுகளையும் இங்கே வெளிப்படையாகவே பேச வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்பு, பேச வந்தவர்கள் ஒரே வடிவத்தைத்தான் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1978இல் திரையரங்குக்கு வந்த முதல் ‘ஹாலோவீன்’, 1981இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது, ஒளிபரப்பு நேரத்தை நிறைவு செய்வதற்காகப் புதிய காட்சிகள் சில எடுத்துச் சேர்க்கப்பட்டன. அவை இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பின்போது எடுக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்றில், கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ் தப்பிச் சென்ற மனநல மருத்துவமனை அறையின் கதவில் ‘சகோதரி’ என்ற சொல் கீறப்பட்டிருப்பதை, அவனுக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் லூமிஸ் காண்கிறார். இதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, அவன் துரத்தும் கதாநாயகி லாரி அவனுடைய தங்கை என்ற செய்தி தொடக்கத்திலிருந்தே கதையில் இருந்ததாகத் தோன்றும். திரையரங்கு வடிவத்தை மட்டும் அறிந்தவருக்கு அது பின்னால் ஒட்டவைத்த செய்தியாகத் தோன்றும். இருவரும் மணிக்கணக்கில் வாதிட்டாலும் ஒரு முடிவுக்கும் வர முடியாது. இரண்டாம் பாகத்துக்கும் தொலைக்காட்சி வடிவம் ஒன்று உண்டு. அதில் காட்சிகளின் வரிசை மாறியிருக்கிறது, இரத்தம் குறைக்கப்பட்டிருக்கிறது, ஜிம்மி என்ற ஆம்புலன்ஸ் ஊழியர் இறுதியில் உயிரோடு இருக்கிறார். மேலும், இரு படங்களும் அகலத்திரைக்காக எடுக்கப்பட்டவை. பழைய வீடியோ நாடாக்களில் பக்கவாட்டுகள் வெட்டப்பட்டதால், சட்டகத்தின் ஓரத்தில் மைக்கேல் நிற்கும் ஷாட்டுகள் தம் வலிமையை இழந்தன. அந்த நாடாவில் மட்டும் பார்த்தவர், இந்தப் படங்களின் ஒளிப்பதிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒருமுறை முழு அகலத்தில் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து, கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘இரண்டாம் பாகம் நன்றாக இருக்கிறதா?’ என்ற கேள்விக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. முதல் பாகத்தை அறியாதவர் பார்த்தாலும் அது பயமுறுத்தும் படமா? முதல் படம் விட்ட இடத்திலிருந்து கதையை நேர்மையாகக் கொண்டுசெல்கிறதா? முதல் படத்தை இனி நாம் பார்க்கும் விதத்தை அது எப்படி மாற்றிவிட்டது? பெரும்பாலான சண்டைகள், ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் மூன்றாம் கேள்விக்கும் விடை சொல்லிக்கொண்டிருப்பதால் நீள்கின்றன. என் கணிப்பில் ‘ஹாலோவீன் 2’ முதல் கேள்வியில் தேறுகிறது, இரண்டாவதில் பெருமளவு தேறுகிறது, மூன்றாவதில் தோற்கிறது. இப்படிப் பிரித்துச் சொன்னால் எதிர்த்தரப்பார் எதை ஏற்கலாம், எதை மறுக்கலாம் என்று அவர்களுக்கும் தெளிவாகிறது.

பிறகு இரு படங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கையில் குறிப்பேடு இருக்கட்டும். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைவிட, ஒவ்வொரு மரணத்துக்கும் முன்னால் படம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்வது பயனுள்ளது. முதல் படத்தில், 1963இல் ஆறு வயது மைக்கேல் தன் அக்காள் ஜூடித்தைக் கொல்லும் தொடக்கக் காட்சிக்குப் பின், படத்தின் பாதி கடந்த பிறகுதான் அடுத்த கொலை நம் கண்முன் நிகழ்கிறது; இடையில் இறந்த ஒருவரின் உடலை மட்டும் காண்கிறோம். அந்த நீண்ட இடைவெளி முழுவதும் பகல் வெளிச்சத்தில், வேலியோரத்திலும் துணிக்கொடியருகிலும் ஓர் உருவம் நின்று நோக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் பாகமோ அதே இரவில், முந்தைய படத்தின் கடைசி நிமிடங்களைத் திரும்பக் காட்டித் தொடங்குகிறது. மைக்கேல் ஒரு முதிய தம்பதியரின் சமையலறையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணை உடனே கொன்றுவிடுகிறான். இந்த அவசரத்தைக் குறையாகச் சொல்வோர் உண்டு. ஆனால் கதை அதே இரவில் தொடர்வதால் பார்வையாளருக்கு ஆபத்து ஏற்கெனவே தெரியும், மீண்டும் ஒருமுறை மெதுவாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை என்ற எதிர்வாதத்தையும் எடைபோட வேண்டும். எனக்கு அந்த எதிர்வாதம் பொருத்தமாகவே படுகிறது. ஓர் இரவை இரண்டு படங்களுக்கு நீட்டிய துணிவு இந்தப் பாகத்தின் உண்மையான பலம்.

குறிப்புகள் கிடைத்தபின், ‘ஒளிப்பதிவு அருமை’, ‘பாத்திரங்கள் மோசம்’ என்பன போன்ற பொதுச்சொற்களை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு காட்சியைக் காட்டுங்கள். முதல் படத்தை இயக்கியவர் ஜான் கார்ப்பென்டர். இரண்டாவதை இயக்கியவர் ரிக் ரோசென்தால். ஆனால் எழுதியவர்கள் இரண்டிலும் கார்ப்பென்டரும் டெப்ரா ஹில்லும்தான்; ஒளிப்பதிவாளரும் இரண்டிலும் டீன் கன்டிதான். முதல் படத்தில், லாரிக்குப் பின்னாலுள்ள இருண்ட வாயிலிலிருந்து வெள்ளை முகமூடி மெல்ல மெல்லத் துலங்கி வரும் காட்சியை ரசிகர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அதே உத்தியை இரண்டாம் பாகத்தில், காயமுற்ற லாரியைச் சேர்த்திருக்கும் மருத்துவமனையில், இறந்த மருத்துவரைக் கண்டு உறைந்து நிற்கும் தாதியின் பின்னால் காணலாம். அது வெறும் நகலா, அல்லது மருத்துவமனையின் இருளுக்கேற்ப மாற்றி வளர்த்ததா என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம். கண்காணிப்புக் கேமராவின் திரையில் மைக்கேல் கடந்துபோவதைக் காவலாளி கவனிக்கத் தவறும் காட்சி, முதல் படத்தில் இல்லாத புதிய கற்பனை. இரண்டாம் பாகத்தை ஆதரிப்போர் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

லாரியைப் பற்றிய வாதமும் இப்படியே காட்சிகளால் தீர வேண்டியது. முதல் படத்தில் அறிவோடும் விழிப்போடும் குழந்தைகளைக் காத்தவளை, இரண்டாம் பாகம் மயக்க மருந்து கொடுத்துப் படுக்கையில் கிடத்திவிடுகிறது. ஜேமி லீ கர்டிஸ் போன்ற நடிகைக்கு வெகுநேரம் பேச ஏதுமில்லை. இது கடுமையான குறைதான். எனினும், கார் நிறுத்துமிடத்தில் அவள் தரையில் ஊர்ந்து வந்து, லூமிஸும் மற்றவர்களும் கட்டடத்துக்குள் செல்வதைக் கண்டு கூவ முயன்று, குரல் எழாமல் தவிக்கும் இடத்தைப் பாருங்கள். முதல் படத்தில் அவள் அக்கம்பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியும் யாரும் திறக்காத இடத்துக்கு அது இணையாக நிற்கிறது. பலவீனமான உடலையே அச்சத்தின் கருவியாக்கிய காட்சி அது.

இரத்தத்தைப் பற்றிப் பேசும்போது காலத்தையும் சொல்ல வேண்டும். முதல் ‘ஹாலோவீனில்’ இரத்தம் மிகக் குறைவு. அதற்கும் இரண்டாம் பாகத்துக்கும் இடையில், 1980இல் ‘ஃப்ரைடே த 13த்’ வந்து, டாம் சவினியின் ஒப்பனை வித்தைகளால் ரசிகர்களின் எதிர்பார்ப்பை மாற்றிவிட்டது. அதன் இரண்டாம் பாகமும் ‘ஹாலோவீன் 2’க்குச் சில மாதங்கள் முன்பு, 1981 மே மாதத்திலேயே வந்துவிட்டது. ரோசென்தாலின் முதல் தொகுப்பு போதிய அளவு பயமுறுத்தவில்லை என்று கருதிய கார்ப்பென்டர், கூடுதலாகச் சில வன்முறைக் காட்சிகளைத் தாமே எடுத்துச் சேர்த்தார். இந்த வரலாறு, படம் ஏன் அப்படி இருக்கிறது என்பதை விளக்கும். அது நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ நிறுவாது. அதை நிறுவ ஒவ்வொரு கொலையையும் தனித்தனியே நோக்க வேண்டும். ஊசி, கொதிநீர்த் தொட்டி என மருத்துவமனையின் பொருள்களே கொலைக்கருவிகளாவது, இடத்தோடு பொருந்திய சிந்தனை. தலைமைத் தாதியின் உடலிலிருந்து இரத்தம் முழுவதையும் வடித்தெடுக்கும் கொலையோ, சமையலறைக் கத்தியோடு மௌனமாக நடந்த அந்த உருவத்துக்கு எவ்விதத்திலும் பொருந்தவில்லை. ஜிம்மி அந்த இரத்தத்தில் வழுக்கி விழ வேண்டும் என்பதற்காகவே அமைத்ததைப் போல இருக்கிறது.

இனி, இந்தப் படத்தைப் பற்றிய விவாதத்தின் மையத்துக்கு வருவோம். லாரி மைக்கேலின் தங்கை, அதைச் சொல்லும் ஆவணம் மறைத்து வைக்கப்பட்டிருந்தது என்று, லூமிஸோடு பணியாற்றும் தாதி மேரியன் இரண்டாம் பாகத்தில் காரில் வைத்து அவரிடம் சொல்கிறார். இதை எதிர்ப்பவர்கள், முதல் படத்தின் ஒரு சிறிய காட்சியை முன்வைக்க வேண்டும். வீடு விற்பனைத் தொழில் செய்யும் தந்தைக்காக, பாழடைந்த மையர்ஸ் வீட்டுவாசலில் சாவியை வைக்க லாரி வருகிறாள். வீட்டுக்குள்ளிருந்து அவன் அவளைப் பார்க்கிறான். அங்கிருந்தே பின்தொடர்தல் தொடங்குகிறது. அதாவது, அன்று காலை வேறொரு பெண் அந்தப் படியேறியிருந்தால் அவளே இலக்காகியிருப்பாள். முதல் படத்தின் அச்சம் முழுவதும் இந்தத் தற்செயலில்தான் வேரூன்றியிருக்கிறது. உறவு என்ற காரணம் வந்தவுடன், லாரியின் குடும்பத்தைச் சேராத நாம் எல்லோரும் பாதுகாப்பானவர்கள் ஆகிவிடுகிறோம்.

இந்த வாதம் எனக்கு ஏற்புடையது. இருந்தும் எதிர்த்தரப்பின் சிறந்த சான்றை நீங்களே எடுத்துச் சொல்லாவிட்டால் உங்கள் வாதம் முழுமை பெறாது. முதல் படத்திலேயே மைக்கேல், கல்லறைத் தோட்டத்திலிருந்து அக்காள் ஜூடித்தின் கல்லறைக் கல்லைப் பெயர்த்தெடுத்து வந்து, தான் கொன்ற, லாரியின் தோழி ஆனியின் உடலுக்குமேல் கட்டிலில் நிறுத்திவைக்கிறான். அக்காள் அவன் நினைவை விட்டு அகலவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. எனவே தங்கை என்ற செய்தி வானத்திலிருந்து விழுந்ததன்று என்று அவர்கள் கூறலாம். அதற்கு என் மறுமொழி: கல்லறைக் கல் ஒரு புதிரைக் காட்டுகிறது, விடையைத் தருவதில்லை. இரண்டாம் பாகம் விடை தரவே துடிக்கிறது. பள்ளிக் கரும்பலகையில் இரத்தத்தால் ‘சாம்ஹைன்’ என்று பண்டைய கெல்டிக் திருவிழாவின் பெயரை எழுதி, பண்டைய சடங்குகளைப் பற்றி லூமிஸைப் பேசவைத்து, இன்னொரு காரணத்தையும் தேடுகிறது. ஒரே படத்துக்குள் இரண்டு காரணங்கள் போட்டியிடுவது, எழுதியவர்களுக்கே அவற்றில் முழு நம்பிக்கை இல்லை என்ற எண்ணத்தைத் தருகிறது. இந்தக் கதையை எழுத முடியாமல் தவித்ததைக் கார்ப்பென்டர் பின்னாளில் மறைக்கவுமில்லை.

தவிர்க்க வேண்டியவை சில. முதல் படத்தின் முடிவைத் திரும்பக் காட்டும் தொடக்கத்தில், லூமிஸ் மைக்கேலைச் சுடும்போது ஏழு குண்டுகள் வெடிக்கும் ஓசை கேட்க, அவர் ஆறு முறை சுட்டதாகவே சொல்கிறார் என்பன போன்ற பிழைகளைக் கண்டுபிடிப்பது இன்பமான பொழுதுபோக்குதான். அவற்றை முதன்மை வாதமாக்கினால் பேச்சு திசைமாறிவிடும். வசூலும் அப்படியே: ஏறத்தாழ 3 லட்சம் டாலரில் எடுத்த முதல் படம் அமெரிக்காவில் 4 கோடியே 70 லட்சம் டாலரும், சுமார் 25 லட்சம் டாலரில் எடுத்த இரண்டாம் பாகம் ஏறத்தாழ 2 கோடியே 55 லட்சம் டாலரும் ஈட்டின என்பது, தொடர் ஏன் நீண்டது என்பதற்கு மட்டுமே விடை. பின்வந்த படங்களையும் அளவோடு பயன்படுத்துங்கள். 1998இல் வந்த பாகம் தங்கை உறவை ஏற்றுக்கொண்டது. 2018இல் வந்த டேவிட் கோர்டன் கிரீனின் படம் அதை வெறும் வதந்தியென ஒரே வசனத்தில் தள்ளிவிட்டு, முதல் படத்திலிருந்து நேராகத் தொடர்ந்தது. திரைத்துறையினரே இரு தரப்பாக இருக்கிறார்கள் என்று இதனால் அறியலாம். 1981ஆம் ஆண்டுப் படத்தின் காட்சிகள் அதனால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

இரு படங்களையும் பார்க்காத நண்பரை இந்த விவாதத்துக்கு அழைப்பதானால், முதல் படத்தைத் திரையரங்கு வடிவில் இரவில் காட்டி, அன்று அதோடு நிறுத்திவிடுங்கள். லாரியை அவன் ஏன் துரத்தினான் என்று மறுநாள் கேளுங்கள். அவர் சொல்லும் விடையை எழுதிவைத்துக்கொண்டு, அதன்பின் ‘ஹாலோவீன் 2’ஐப் போடுங்கள்.